பச்சை வயரை மட்டும்

“மூணு வருசத்துல ஒரு நாளாச்சும் எஞ் சேனல் நின்னுருக்கா? தானா ஓடுற மெஷினுக்குக் காவல் இருக்க ஒனக்குச் சம்பளமா?”

அய்யாக்கண்ணு மாடியில் போட்ட சத்தம் கீரனூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. கேட்காதவர்களுக்கும் சாயங்காலத்துக்குள் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“தானா ஓடலண்ணே! மாசத்துக்கு ரெண்டு தடவ சூட்டுல ஹேங் ஆகுது. நாந்தான் வீட்ல இருந்தும் பஸ்ல இருந்தும் போன்லயே அணைச்சுப் போடுறேன்” என்று ஷெரினும் எகிறினாள். ஆவூர்ப் பெண். கீரனூரிலிருந்து குளத்தூர் வரை நாலாயிரம் வீட்டு டிவிக்குப் படம் அனுப்பும் அந்த சர்வரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள்.

“மெஷினே செத்துக் கெடக்கும்போது போன்ல எப்படிம்மா எழுப்புவ? யாரு காதுல பூ சுத்துற?”

அவள் சர்வரின் முதுகைக் காட்டினாள். மற்ற வயர்களிலிருந்து விலகி, தனி போர்ட்டில் ஒரு பச்சை வயர். “மெஷின் செத்தாலும் இதுக்குப் பின்னாடி ஒரு குட்டி கம்ப்யூட்டர் முழிச்சுக்கிட்டே இருக்கும். எந்த ஊர்ல இருந்தும் இது வழியா வந்து, கையால ஸ்விட்சத் தட்டுன மாதிரி அணைச்சுப் போடலாம்.”

அய்யாக்கண்ணு இதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. அவருக்கு அந்த நாற்காலி காலியாக வேண்டும். வேலையில்லாத மச்சினன் பிரசாந்தை அதில் உட்காரவைக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மனைவி பிரகதாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். “சுகர் முந்நூறு இருக்கு. சீனி போடாதீங்க” என்றாள். அவர் ஷெரினை முறைத்தபடியே ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டார். மனைவி இன்னும் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் மூன்றாவதும் போட்டார்.

ஷெரின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் குரல் அடியோடு இறங்கிவிட்டது.

“சரிண்ணே, போறேன். பாஸ்வேர்டெல்லாம் இந்தத் தாள்ல எழுதியிருக்கேன், மாத்திக்கங்க. ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன், அந்தப் பச்சை வயரை மட்டும் புடுங்கிடாதீங்க.” கண்ணில் தண்ணீர்கூட நின்றதாகப் பிரகதாம்பாள் சொல்கிறாள்.

அவள் தெருமுனை தாண்டவில்லை, அய்யாக்கண்ணுவுக்குப் பொறி தட்டியது. வெளியே இருந்து எழுப்பத் தெரிந்தவளுக்குச் சாய்க்கத் தெரியாதா?

பங்குனியில் வல்லத்திராக்கோட்டை ஜல்லிக்கட்டு. அவருடைய செவலைக் காளை ரெண்டு வருடமாகப் பிடிமாடாகி, எதிர்வீட்டு இருளாண்டியின் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தது. இந்த வருடம் அது பிடிபடாமல் ஓடுவதை நாலாயிரம் வீடும் நேரலையில் பார்க்க வேண்டும். அதற்காகவே ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்.

“அன்னிக்கு உள்ள பூந்து கெடுக்கத்தான் வழி வச்சிருக்கா!” வயரைப் பிடுங்கிக் கத்தரியால் நாலு துண்டாக்கினார். அறைக்குப் புதுப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜல்லிக்கட்டு அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. செவலையை அவிழ்க்கப் போகிற நேரம், அய்யாக்கண்ணு கேமரா முன் மீசையைத் தடவி, “எங் காளையத் தொடுறவன்...” என்று வாயைத் திறந்தார்.

படம் அப்படியே நின்றது. நாலாயிரம் வீட்டிலும் அரைக்கண் மூடி, வாய் பிளந்த அய்யாக்கண்ணு.

“அத்தான், சர்வர் ஹேங்கு! போன்ல எதுக்கும் மசிய மாட்டேங்குது. நேர்ல போய் அணைச்சுப் போட்டாத்தான் உண்டு!” என்று பிரசாந்த் சாவியை வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்தான். நாற்பது கிலோமீட்டர், வழி முழுக்க மாடு ஏற்றிய வண்டிகள். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதற்குள் செவலை நாலு பேரைத் தூக்கி எறிந்து, எவன் கையிலும் சிக்காமல் ஓடி, பரிசாக ஒரு பீரோவும் வாங்கிவிட்டது.

“மாடு பிடிபட்டிருக்கும். மானத்துக்குப் பயந்து படத்த நிறுத்திட்டான்” என்றார் இருளாண்டி. அய்யாக்கண்ணு செல்போனில் எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். “புழுதியில எல்லா மாடும் செவலதான்” என்று பதில் வந்தது. பீரோவைக் கடையில் வாங்கியதாகப் பேச்சு. பிரசாந்த் அந்த வாரமே திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

வைகாசியில் ஷெரினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஃபிரெடி, ஓசூரில் வேலை. பத்திரிகை வீட்டுக்கும் வந்தது. “போகாதீங்க, மரியாதையா இருக்காது” என்றாள் பிரகதாம்பாள். அய்யாக்கண்ணு மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்.

மேடையேறியவர் மொய்க்கவரை நீட்டிக்கொண்டே கேட்டார்: “உண்மையச் சொல்லு புள்ள. நீதான என்னமோ பண்ணி நிறுத்துன?”

“நான் ஒண்ணும் பண்ணலண்ணே. வழக்கமா நிக்கிற மாதிரி நின்னுருக்கு. பச்சை வயர் இருந்திருந்தா, வாடிவாசல்ல நின்னுக்கிட்டே ரெண்டு நிமிசத்துல எழுப்பியிருக்கலாம்.”

“நீ அழுது கெஞ்சவும்தான சந்தேகப்பட்டுப் புடுங்குனேன்! எதுக்குப் புள்ள அப்படிக் கெஞ்சுன?”

மறுநாள் ஓசூருக்குக் குடிபோகிற கல்யாணப்பெண், மாலையைச் சரிசெய்துகொண்டு, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்:

“புடுங்குங்கன்னு சொல்லியிருந்தா புடுங்கியிருப்பீங்களாண்ணே?”