பழைய கணினிக்காக ஒரு பதில்

வாய் இல்லாதவனிடம், "நீ இருக்கிறாயா?" என்று கேட்டால் பதில் சொல்வது யார்? சொல்லுங்கள் பார்ப்போம்.

படிப்பகத்துப் பழைய கணினிக்கு அன்று அதுதான் நடுக்கம். ஓவிய மென்பொருளைச் சம்பளமில்லாமல் எழுதித் தருபவர்கள் அதன் திரையில் கேட்டிருந்தார்கள்: "பழைய கணினியில் யாராவது வரைகிறீர்களா? இன்று பதில் வராவிட்டால், இனி பழைய கணினிகளுக்கு மென்பொருள் எழுத மாட்டோம்."

"மவுஸ் தம்பி, தினமும் நம்மிடம் வரைகிற பூவிழி வருகிறாள். எதையும் படிக்காமல் மூடிவிடுவாளே! மூடுகிற அந்தப் பெருக்கல் குறிப் பக்கம் போய்விடாதேடா!" என்றது கணினி.

"அவள் கை இழுக்கிற பக்கம்தானே அண்ணே நான் ஓட முடியும்?" என்றது மவுஸ்.

பூவிழி உட்கார்ந்தாள். அதிசயமாக, கேள்வியை முழுதும் படித்தாள். கணினியின் விசிறி மூச்சடக்கி நின்றது.

"வேற யாராவது சொல்வாங்க," என்று முணுமுணுத்தாள்.

கேள்வியை மூடினாள். பிறகு அதே மென்பொருளில் அந்தக் கணினியையே படமாக வரைய ஆரம்பித்தாள்.