பால்காரரை முந்திய ஞாயிறு

“இன்னைக்கும் தோத்துட்டுத்தான் வாரீகளா?”

வாசலில் வேர்க்க விறுவிறுக்க நின்ற தவசிமுத்துவிடம் கேட்டாள் அவன் மனைவி கிருபாபாய். அவள் கையில் பைபிள். சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள், தனியாக.

“கடைசி மேட்டுல கோட்டை விட்டுட்டேன்ட்டி. இன்னும் நாலு மிதி மிதிச்சிருந்தா...”

“போன வாரமும் இதே நாலு மிதிதான்.”

தவசிமுத்து மில்லில் ஃபிட்டர். ஞாயிறு விடிந்தால் போதும், ஐயாதுரை, பால்பாண்டி என்ற இரண்டு கூட்டாளிகளோடு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளில் பறப்பான். ஆறு மாதமாக அவர்களை ஒரே ஆள் முந்திக்கொண்டிருந்தார். பால்கோவாக் கடைக்குப் பால் கொண்டுபோகும் சோலைச்சாமி. வயது ஐம்பத்தைந்து. பழைய சைக்கிள். பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேன்.

“தம்பிகளா, ஓரமாப் போங்க. உங்க வேகத்துக்கு வந்தா பால் திரிஞ்சிரும்” என்று சொல்லிக்கொண்டே கடந்துபோவார்.

அந்தச் சொல்தான் தாங்க முடியவில்லை. தோற்ற ஆத்திரத்தில் மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டிக் கிருஷ்ணன்கோவில் வரை மிதித்துப் பழகிவிட்டு மதியம்தான் வீடு திரும்புவார்கள்.

“எல்லாரும் புருசனோட சர்ச்சுக்கு வாராக. ‘உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?’ன்னு பாஸ்டர் கேக்காரு. பால்காரர் பின்னால போயிருக்காகன்னு சொல்லவா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்கம்மாவைப் போய்ப் பாத்துத்தான் எம்புட்டு நாளாச்சு?”

“உங்கம்மா வீட்ல கடுங்காப்பியில்லா கிடைக்கும்!”

“ஒத்த ஆளுக்கு எதுக்குப் பாலுன்னு வாங்குறதில்ல. பேச்சை மாத்தாதீக.”

தவசிமுத்து அவள் கையிலிருந்த பைபிள் மேல் கையை வைத்தான். “ஒரே ஒரு தடவை அந்தாளை முந்திக்கிடுதேன். அன்னைக்கே ஒன்பது மணி ஆராதனைக்கு வந்து உக்காருதேன். அதுக்குப் பொறவு ஞாயித்துக்கிழமை சைக்கிளைத் தொட மாட்டேன். சத்தியம்.”

“வேர்த்த கையை வைக்காதீக” என்றவள், அவன் எடுக்கப் போன கையைப் பிடித்து அங்கேயே அழுத்தினாள். “இன்னொருக்கச் சொல்லுங்க.”

சொன்னான்.

“அப்போ நீங்க ஜெயிச்சே ஆகணும்” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவளே அவனை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் ரேஸ் சைக்கிள்களை வரிசையாகக் காட்டினார். தவசிமுத்து கியரைப் பார்த்தான், டயரின் ஒல்லியைப் பார்த்தான், கிடாக் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பாரைத் தடவித் தடவிப் பார்த்தான். கிருபாபாய் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சைக்கிளையும் ஒற்றைக் கையால் தூக்கித் தூக்கி வைத்தாள்.

“இது வேண்டாம், கனம். இதுவும் கனம். இந்தச் சிவப்புதான் லேசு.”

“ஓட்டப்போறது நீங்களாம்மா?” என்று கடைக்காரர் சிரித்தார்.

“ஓட்டுறது அவிய. ஜெயிக்க வேண்டியது நான்.”

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவன் கிளம்பும்போது நாற்காலியில் வெள்ளைச் சட்டை மொடமொடவென்று தேய்த்து மாட்டியிருந்தது.

“இதை எதுக்குட்டி இப்பவே தேய்ச்ச?”

“ஒன்பது மணிக்கு வேணும்லா?”

ஊர் எல்லைப் புளியமரத்தடியில் மூவரும் காத்திருந்தார்கள். ஐயாதுரை சிவப்புச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“ஏலே, இது சைக்கிளா, குதிரையா?”

“குதிரைதான். இவன்தான் வண்டிக்காரன்” என்றான் பால்பாண்டி.

அப்போது தூரத்தில் கேன் மூடிகள் ‘டக், டக்’ என்று ஆடும் சத்தம் கேட்டது. சோலைச்சாமி!

“போங்கலே!”

மூவரும் பாய்ந்தார்கள். மேற்கு மலையிலிருந்து இறங்கிய குளிர்காற்று காதில் விசிறியது. மடவார்வளாகம் கோவில் வாசல்தான் எல்லை. பாதி வழியில் ஐயாதுரை கழன்றான். “நீ போலே தவசி, விடாதே!” என்று கத்திக்கொண்டே பால்பாண்டியும் பின்தங்கினான்.

பின்னால் அந்த ‘டக், டக்’. தவசிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஒரு மிதி போச்சு. கடைசி மேடு வந்தது. இங்கேதான் ஒவ்வொரு வாரமும் அந்தக் குரல் காதருகே வரும். கியரை மாற்றினான். எழுந்து நின்று மிதித்தான். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

குரல் வரவில்லை. ‘டக், டக்’ தேய்ந்து, தேய்ந்து, காணாமலே போனது.

கோபுரம்!

இரண்டு கையையும் விட்டுவிட்டு “ஏய்!” என்று கத்தினான். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் பயந்து எழுந்துவிட்டாள். கூட்டாளிகள் வந்து சேர்ந்து அவனைச் சைக்கிளோடு தூக்கினார்கள்.

சோலைச்சாமி வந்து சேர மேலும் ஐந்து நிமிடம் ஆனது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“என்ன அண்ணாச்சி, வயசாயிருச்சா?”

“வயசா? பின்னால பாரும் தம்பி.”

வழக்கமான இரண்டு கேன்களுக்கு நடுவே, கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய மூன்றாவது கேன் ஒன்று இருந்தது.

“புது வாடிக்கை. முப்பது லிட்டர். நேத்து ராத்திரி ஒரு அம்மா வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போச்சு. விலாசம் எழுதித் தந்திருக்கு. எனக்கு எழுத்து வராது, செத்த படிச்சுச் சொல்லும்.”

தவசிமுத்து சீட்டை வாங்கினான். அவனுக்குத் தெரிந்த கையெழுத்து. அவனுடைய மாமியார் வீட்டு விலாசம்.

“ஒத்த ஆளுக்கு முப்பது லிட்டரா!”

“அது நமக்கென்ன தெரியும் தம்பி? ‘இன்னைக்கு முப்பது கொண்டு போங்க. பத்தலேன்னா அடுத்த ஞாயிறு அறுபது’ன்னு அந்தம்மா சொல்லிச்சு.”