பூரணியின் இடக்கை

பக்கவாதத்துக்குப் பிறகு பூரணியின் இடக்கைக்கு இல்லாத வலுவை, ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்துவிடும் ஒரு மோட்டார் மூலம் காரே கொடுத்து வந்தது. அதை நம்பித்தான் அவள் டாக்சி ஓட்டினாள். ஒரு வாரமாகக் கார் இடப்பக்கம் இழுத்தது. நேராகப் போக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. கை மோசமாகிவிட்டதோ என்று பயந்தாள். அப்படியானால் லைசென்ஸ் போய்விடும்.

அலைன்மென்ட் கடை சாதிக் நான்கு சக்கரங்களையும் அளந்தான்.

“சக்கரமெல்லாம் நேராத்தான் இருக்குதுங்க அக்கா.”

“அப்ப என் கைதான் கோளாறா?”

“கை தேறிடுச்சுங்க, இப்ப அதுவே ஸ்டியரிங்கை நல்லா இழுக்குது. அது தெரியாம வண்டியும் சேர்ந்து இழுக்குது. ஒரு வேலைக்கு ரெண்டு ஆள் எதுக்குங்க? வண்டியோட உதவியை எடுத்துடட்டுங்களா?”

பூரணி இடக்கை விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தாள்.

“இப்பப் பாதி எடுங்க தம்பி. மீதிக்கு அடுத்த மாசம் வர்றேன்.”