வடிகால் கமிட்டியில் அயர்லாந்து

"இந்தத் தெருவுல இல்லாத ஆளு இந்தத் தெருவுக்காகப் பேசக் கூடாது. அவ்வளவுதாங்க நான் சொல்றது" என்றார் குலசேகரன்.

தருமபுரம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் இதைச் சொல்வது மூன்றாவது முறை. புது வடிகால் எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி அமைக்கிறார்கள்; தெருவுக்கு ஒரு இடம். அவர் தெருவின் இடத்துக்கு அவரும் செல்லையனும் போட்டி.

குலசேகரனுக்கு இது வீம்பு இல்லை. போன ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் புகுந்து, எட்டு வருடமாக எழுதிவரும் புத்தகத்தில் நான்கு அத்தியாயங்களை ஊற வைத்துவிட்டது. விக்டோரியா ராணி காலத்து லண்டன் நாடாளுமன்றக் கமிட்டிகளில் அயர்லாந்துக்காரர்களுக்கு எத்தனை இடம் கிடைத்தது என்பதுதான் புத்தகம். இதைக் காரைக்காலில் யார் படிப்பார்கள் என்று கேட்டவர்களோடு அவர் பேசுவதில்லை. அதனால் நிறையப் பேரோடு பேசுவதில்லை.

செல்லையன் அம்பகரத்தூரில் வீடு கட்டிக்கொண்டு போய் ஆறு வருடமாகிறது. இங்கே மேட்டில் இருக்கும் பழைய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். வடிகாலுக்காக அந்த வாசலைத் தோண்டக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் கவலை.

தலைவர் ஆஸியா பீவி பொறுமைசாலி. அடுத்து அயர்லாந்து வரும் என்று தெரிந்து, கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வந்தது. அயர்லாந்து விவகாரத்துக்கு லண்டனில் கமிட்டி போட்டால், அந்த மண்ணை மிதிக்காதவர்கள்கூட அதில் உட்கார்ந்து முடிவெடுத்ததைக் குலசேகரன் கால் மணி நேரம் விளக்கினார்.

"சரிங்க. யாரு தெருக்காரங்கன்னு எப்படி முடிவு பண்றது?" என்றார் ஆஸியா பீவி.

குலசேகரன் எழுதியே கொண்டு வந்திருந்தார். தெருவின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே உறுப்பினர் ஆகலாம்.

"ஓட்டு போடறவனுக்குத்தாங்க பேச உரிமை. பதினெட்டு வயசுலேருந்து ஒரு தேர்தலையும் நான் விட்டதில்ல. இதே காரைக்கால்ல, வெயில்ல வரிசையில நின்னு போட்டிருக்கேன்."

தீர்மானம் முடிந்தால்தான் டீ. கைகள் மளமளவென்று உயர்ந்தன. செல்லையனும் கை தூக்கியதைப் பார்த்தபோது குலசேகரனுக்கே பாவமாக இருந்தது.

ஆஸியா பீவி பட்டியலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார்.

"செல்லையன் பேரு இருக்குங்க. அவரு இன்னும் அம்பகரத்தூருக்கு மாத்தல. ஒங்க பேருதான் இல்ல."

"அது எப்படிங்க இல்லாமப் போகும்? அப்ப நான் போட்ட ஓட்டெல்லாம்?"

"அதெல்லாம் பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தல்ல போட்டதுங்க. பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க பேரு இந்த லிஸ்ட்ல எப்படி வரும்?"

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்திலிருந்து குடும்பத்தோடு வந்த குடியுரிமை அது. அதனால் பிறந்து வளர்ந்த தெருவில் தனக்கு ஓட்டு இல்லை என்பது குலசேகரனுக்கு அதுவரை உறைத்ததே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

செல்லையன்தான் டீ கொண்டு வந்து கொடுத்தார்.

"மனசு விட்றாதீங்க. ஒங்க கொறைய ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கமிட்டியில ஒங்களுக்காக நான் பேசறேன்."