தேவதாசன் நினைவுக் கோப்பை

காலஞ்சென்ற தேவதாசனுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லோரும் தலைகுனிந்து நின்ற நேரத்தில், கடைசி வரிசையில் ஒருவர் மண்டபமே அதிரும்படி தும்மினார். தும்மியது தேவதாசன்.

"செத்தவருக்கு ஒரு மரியாத வேண்டாமா அங்கிள்?" என்று அவருக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண் ஜெமி திரும்பி முறைத்தாள்.

மேடையில் மாலைக்குள் இருந்த படத்தில் ஒல்லிக்குச்சியாக ஒரு பையன், தலை நிறையச் சுருட்டை முடி. தும்மியவருக்கோ வயிறு முன்னால் வந்து, முடி பின்னால் போய்விட்டது. பெற்ற தாயே வந்தாலும் ரெண்டு தடவை பார்த்துத்தான் அடையாளம் சொல்லியிருப்பாள்.

ஒரு காலத்தில் தூத்துக்குடி வீடியோ கேம் கடைகளில் தேவதாசனை அடிக்க ஆள் கிடையாது. சண்டை விளையாட்டில் அவர் உட்கார்ந்தால் எதிராளி மூலையில் சுருண்டு கிடப்பான். கல்யாணமான பிறகும் கூட்டாளிகள் விட்டார்களா? நாசரேத்தில் அவர் வீட்டுக்கே பைக்கில் வந்து, வாசலில் நின்று விசிலடித்துக் கூட்டிப்போனார்கள். புதுப்பெண்டாட்டி பிரேமா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

பிறகு அவர் கப்பல் வேலைக்குப் போனார். லீவில் வந்தபோது ஒரு பயல் எட்டிப் பார்க்கவில்லை. நன்றிகெட்ட ஜென்மங்கள் என்று அவரும் தலைமுழுகிவிட்டார்.

இப்போது வேலையை விட்டு வீட்டோடு ஆயாச்சு. மீன் வாங்க ஒரு பை, மாவு அரைக்க ஒரு வாளி, இவ்வளவுதான் அந்த வீட்டில் அவருக்கு உள்ள மதிப்பு. அப்படியிருக்க, போன வாரம் முத்தையாபுரத்தில் ஒரு சுவரில் தன் முகமே தன்னைப் பார்த்துச் சிரித்தது. 'அமரர் தேவதாசன் நினைவுக் கோப்பை. சண்டை கேம் போட்டி. பத்தாம் ஆண்டு.'

எந்தப் படுபாவி கட்டிவிட்ட கதையோ! பத்து வருஷமாகச் செத்துக் கிடந்திருக்கிறோம், நமக்கே தெரியவில்லையே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

பிரேமாவிடம் மூச்சு விடவில்லை. அந்த விளையாட்டைப் பற்றி வாயெடுத்தாலே அன்றைக்குச் சோறு கிடையாது. நல்ல வேளை, இன்று காலையிலேயே அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சபைப் பெண்களின் ஆண்டுக் கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸில் இவர் புறப்பட்டார்.

திட்டம் இதுதான். கோப்பையை ஜெயிக்க வேண்டும். மேடையேறி மைக்கைப் பிடித்து, "ஏலே, நாந்தாம்லே தேவதாசன்" என்று ஒரு போடு போட வேண்டும். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, பழைய தேவதாசனாக நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். அதற்காக ஏசுவடியான் என்று பேர் கொடுத்து ஆட்டத்தில் சேர்ந்தார்.

முதல் ஆட்டமே ஜெமியோடு.

"ஆதிச்சநல்லூர்ல தாழிக்குள்ள இருந்தா எந்திரிச்சு வாரீங்க அங்கிள்?" என்றாள் அவள். "கன்ட்ரோலரத் தலகீழாப் புடிச்சிருக்கீங்க."

திருப்பிப் பிடிப்பதற்குள் அவருடைய ஆள் மூலையில் கிடந்தான். எழுந்தால் காலில் ஓர் உதை, குதித்தால் வயிற்றில் ஒரு குத்து. அடப்பாவி, இது அவரே கண்டுபிடித்த வித்தையல்லவா!

"இதுக்குப் பேரு தேவதாசன் பூட்டு," என்றாள் ஜெமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்கு வர இந்த ஊர்ல எல்லாரும் படிக்கது இதத்தான். மாட்டுனா தப்பிக்க முடியாது. அவரே உசுரோட வந்தாலும் முடியாது."

முடியவில்லைதான். தோற்ற வெட்கத்தில் தேவதாசனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பேரைச் சொல்லித் தன்னையே அடித்ததில் கண் கலங்கிவிட்டது. பாழாய்ப்போன பயல்கள், மறக்கவே இல்லை!

சாயங்காலம் பரிசளிப்பு. மைக்கைப் பிடித்தவன் ஜெபசிங். அந்தக் காலத்தில் நாசரேத் வாசலில் வந்து நின்று அதிகம் விசிலடித்தவன் அவன்தான்.

"மொத பரிசு அப்புறம். வயசுல மூத்த ஆட்டக்காரருக்கு ஆறுதல் பரிசா ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு! ஏசுவடியான் அண்ணாச்சி, மேடைக்கு வாங்க!"

பக்கெட்டாவது மண்ணாங்கட்டியாவது. மைக் கைக்கு எட்டினால் போதும் என்று தேவதாசன் படியேறினார்.

"ஜெபசிங், ஒரு விசயம் சொல்லணும். அந்த மைக்க இங்கன குடு."

"பரிச வாங்கிட்டுப் பேசுங்க அண்ணாச்சி," என்று ஜெபசிங் தடுத்தான். கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான். "நம்ம தேவதாசன் கப்பல்ல போய்ச் சேந்துட்டான்னு அழுதுகிட்டே நமக்குச் சேதி சொன்னவங்க, வருசா வருசம் இந்தக் கோப்பைய வாங்கித் தாரவங்க, தேவதாசனோட சம்சாரம். இப்பத்தான் வந்து எறங்கியிருக்காங்க. மதினி, வாங்க!"

சம்சாரமா? எவள் அவள், அடுத்தவன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு ஊரையே ஏமாற்றுகிறவள்? தேவதாசனுக்கு ரத்தம் கொதித்தது. கையும் களவுமாகப் பிடித்து, நாலு பேர் முன்னால் நாறடித்துவிட வேண்டியதுதான்.

மண்டபம் மரியாதையாக எழுந்து நின்றது. வெள்ளைச் சேலையில், கைக்குட்டையால் கண்ணை ஒற்றியபடி மேடைக்கு வந்த பெண்மணி, அவரைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு பக்கெட்டை அவர் கையில் திணித்து, போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டே அவர் காதோரம் குனிந்தாள்.

"உசுரோட வீடு வந்து சேரணும்னா, வாயத் தொறக்காம எறங்குங்க."