கைப்பிடி அரிசி

"கர்த்தருக்குன்னு எடுத்து வச்ச அரிசியைத் திருடினவ நம்ம சபையிலதான் இருக்கா. யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்!"

சபைப் போதகர் ஐயரின் மனைவி ஹெப்சிபா, முகப்பில் டில்லி முடிசூட்டு விழாச் செய்தி போட்டிருந்த மாதப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினாள். பெண்கள் கூட்டம் மொத்தமும் கழுத்தை நீட்டியது.

மூன்றாவது வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட வாத்தியாரம்மா கெசியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்திரிகையில் வந்திருந்தது ஒரு சின்னக் கதை. எழுதியவர் 'ஒரு சகோதரி' என்று மட்டும் இருந்தது. காய்ச்சலில் கிடக்கிற தாய்க்குக் கஞ்சி காய்ச்ச, பத்து வயதுப் பெண் ஒருத்தி கோயில் அறையில் அரிசி திருடுகிறாள். அதுவும் சும்மா அரிசியா? உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு பெண்கள் ஒரு பிடி அள்ளித் தனியே வைத்து, ஞாயிறுதோறும் கொண்டுவந்து கொட்டுகிற காணிக்கை அரிசி.

அந்தப் பெண் கெசியாதான். எழுதியவளும் அவளேதான்.

பதினாலு வருஷமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததை எழுதி இறக்கிவிடலாம் என்று பார்த்தாள். ஊரை மாற்றினாள். பெயரை மாற்றினாள். அப்பா இல்லாத வீட்டுக்கு ஓர் அப்பாவைக்கூடக் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் அரிசி கொட்டி வைக்கும் மண் குலுக்கையில் யாரோ சுண்ணாம்பால் கோணலாகப் போட்டிருந்த சிலுவையை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. அதை எடுத்தால் கதைக்கே உயிர் போய்விடும் போலிருந்தது.

அந்தச் சிலுவைதான் இப்போது காட்டிக்கொடுத்துவிட்டது.

"கோணச் சிலுவை போட்ட குலுக்கை இந்த ஆத்தோரத்துல நம்ம கோயில்ல மட்டுந்தானே இருக்கு?" என்றாள் எலிசபெத்.

"கதையில வாறது அந்தப் பெரிய காய்ச்சல் வருஷம்லா! காய்ச்சல்ல கெடக்காத வீடு ஏது? எவளைன்னு சொல்ல?"

"கோயில்பிள்ளை அண்ணாச்சியைக் கூப்பிடுங்க. அவருக்குத் தெரியாம அந்த அறைக்குள்ள எறும்பு நுழையுமா?"

திருட்டு என்று ஆனால் சபைநீக்கம். சபை நீக்கினால் மிஷன் பள்ளிக்கூட வேலை அன்றைக்கே போகும். அப்புறம் அம்மையும் அவளும் அடுத்த வேளைக் கஞ்சிக்கு மறுபடி யார் வாசலில் போய் நிற்பது?

கோயில்பிள்ளை ஞானையா வந்தார். மணி அடிப்பது, விளக்கேற்றுவது, அரிசி அறையைக் காப்பது எல்லாம் அவர் வேலை. இடுப்பில் சாவிக்கொத்து, மூக்கு நுனியில் கோபம். காணிக்கை அரிசியில் ஒரு வாய் வைத்த ஆட்டைத் தாமிரபரணி வரைக்கும் விரட்டிப்போன மனுஷன்.

"என்ன களவு? எங்க களவு? எனக்கு எழுத்து தெரியாது. வாசிங்க, கேப்போம்."

"கெசியா, நீதான் வாத்தியாரம்மா. எந்திரிச்சு வாசி" என்றாள் ஹெப்சிபா.

கெசியா எழுந்தாள். பத்திரிகையைக் கையில் வாங்கினாள். தான் எழுதியதைத் தானே, எவரிடம் திருடினாளோ அவர் முகத்துக்கு நேரே வாசிக்க வேண்டும்.

"'ஒன்பது நாள் சாயங்காலமும் அவள் போனாள். அந்தக் காவல்காரர் மறதிக்காரர். ஒன்பது நாளும் கதவைப் பூட்ட மறந்திருந்தார். குலுக்கைக்குப் பக்கத்தில் தற்செயலாக ஒரு தேங்காய்ச் சிரட்டையும் கிடந்தது. பத்தாம் நாள் தாய் எழுந்து உட்கார்ந்தாள்...'"

"நிறுத்து!"

பத்திரிகை கை நழுவிக் கீழே விழுந்தது.

ஞானையா அவளையே பார்த்தார். சாவிக்கொத்து குலுங்கியது. அவ்வளவுதான், முடிந்தது என்று கெசியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மறதிக்காரனாம்லா! யாரு, நானா? முப்பது வருஷமா இந்தச் சாவி என் இடுப்புல கெடக்கு. அந்த அறை பூட்டாம கெடந்ததைப் பாத்தவுக இங்கன யாராச்சும் இருக்கியளா? இருந்தாச் சொல்லுங்க!"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கெசியாவும்தான்.

"பின்ன? பூட்ட மறக்குத காவக்காரன் இருக்குத கோயில் நம்ம கோயிலா? எவளோ எந்த ஊர்க் கதையையோ எழுதியிருக்கா. சுண்ணாம்பு கையில இருந்தா எவனும்தான் சிலுவை போடுதான். அதுக்கு என் மானத்தை வாங்குதியளா? போங்க, வீட்டுல உலை வைக்கிற நேரமாச்சு!"

"அண்ணாச்சிக்குக் கோபம் ஏறிட்டு. வாங்க, போயிருவோம்" என்று எலிசபெத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். ஹெப்சிபாவும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள்.

கெசியா கடைசியாக வாசற்படிக்கு வந்தாள்.

"ஏ பிள்ளே, நில்லு."

அவள் படியிலேயே நின்று திரும்பினாள்.

ஞானையா கீழே கிடந்த பத்திரிகையை எடுத்துத் தூசி தட்டி அவள் கையில் கொடுத்தார். வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பையச் சொன்னார்:

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஒண்ணுதான் தப்பு. ஒம்பது நாள் இல்ல, பதினோரு நாள் தொறந்து வச்சிருந்தேன். கடைசி ரெண்டு நாளும் நீ வரலியே... உங்க அம்மைக்கு என்னமும் ஆயிட்டோன்னு அந்தச் சிரட்டையையே பாத்துக்கிட்டுப் பயந்து கெடந்தேன்."