அக்காவின் புரதம்

மேசைத் திரையில் அந்தப் புரதம் மெல்லச் சுழல்கிறது. நீல நாடாவைச் சுருட்டிச் சுருட்டி வைத்தது போன்ற உருவம். ஓரிடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி. பின்னால் ஆய்வகத்தின் உறைபெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. ஆய்வாளனான தம்பி தன் நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறான். அவன் குழு ஆறு ஆண்டு பாடுபட்டு எடுத்த படம் இது. அவளுடைய தசைகளைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்திவருவது அந்தச் சிவப்புப் புள்ளியில் இருக்கும் பிழைதான். "இதுவா என்னை இந்தப் பாடு படுத்துது? பாக்க லட்சணமாத்தான் இருக்கு" என்கிறாள். "மருந்துக்கு இன்னும் நாளாகும்க்கா. இப்பதான் உருவமே தெரிஞ்சிருக்கு." திரையை நோக்கி நீண்ட அவள் விரல் நடுங்குகிறது. மறு கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பிறகு, அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி வருகிறது. "ஒரே வயித்துல பொறந்தவங்க நாம. உன் ரத்தத்தைப் பாத்தியாடா?"

கைக்கெட்டும் இழுப்பறையில் மூன்று வாரமாகக் கிடக்கிறது அவனுடைய ரத்தச் சோதனை அறிக்கை. அவனுக்கு அந்தப் பிழை இல்லை. சொல்ல ஒரு வார்த்தை போதும். "இன்னும் பாக்கலக்கா."

சன்னல் வெயிலில் அவள் முகம் மாறுகிறது. தம்பிக்கும் இருக்கிறது, மறைக்கிறான் என்று அவள் முடிவுகட்டிவிட்டது அதிலேயே தெரிகிறது. மேசையைப் பிடித்து, இரண்டாம் தடவையில் எழுந்து நிற்கிறாள். நடுங்கும் கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். "பயப்படாதடா. நான் இருக்கேன்ல."

இழுப்பறையை அவன் திறக்கவே இல்லை. திடமான தன் இரண்டு கால்களில் நின்றபடி, தனக்குச் சேராத அந்த ஆறுதலை வாங்கிக்கொள்கிறான்.